எருக்குழிக்கு அரசு உதவி கிடைக்குமா? பாலக்கோடு வாசகியின் கேள்வியும் பதிலும்

கேள்வி: பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஐந்து கலப்பினக் கறவை மாடுகளும் இரண்டு கன்றுகளும் வைத்திருக்கிறேன். இரண்டரை ஏக்கரில் தக்காளியும் ராகியும் போடுகிறோம். கட்டுத்தறிக்குப் பின்னால் எருக்குப்பை, அங்கிருந்து முப்பது அடியில் கிணறு. போன ஐப்பசி மழையில் குப்பையிலிருந்து கருப்பாகத் தண்ணீர் ஓடிவந்து கிணற்றோரம் தேங்கிவிட்டது. பக்கத்துக் காட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். இங்கிலாந்தில் வேலை செய்யும் என் அண்ணன் மகன், அங்கே சாணம் சேமிக்கும் தொட்டிக்கு அரசாங்கமே பாதிப் பணம் கொடுக்கிறது என்கிறான். நம் ஊரில் அப்படி ஏதாவது உண்டா? என் கணவர் காலமாகிவிட்டார். பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான் இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் மகன் சொன்னது உண்மைதான். இங்கிலாந்து அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய மானியத்தில், ஆறு மாதச் சாணக் கரைசலைத் தேக்கிவைக்கும் தொட்டிகளுக்குச் செலவில் பாதி வரை கொடுத்தார்கள். குறைந்தது 25,000 பவுண்டு, அதிகபட்சம் 2,50,000 பவுண்டு. குளிர்காலம் முழுவதும் அங்கே நிலம் ஈரமாகவே கிடக்கும். அப்போது வயலில் கொட்டினால் எல்லாம் ஆற்றுக்குப் போய்விடும் என்பதால்தான் ஆறு மாதக் கணக்கு.

நம்மிடம் ‘சாணம் சேமிக்க மானியம்’ என்று ஒரே பெயரில் ஒரு திட்டம் கிடையாது. அதற்காக உதவியே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஊரக வளர்ச்சி, தோட்டக்கலை, வேளாண்மை என்று வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு பெயர்களில் அது இருக்கிறது. எங்கே போய் எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமானால், உங்கள் கொட்டகைக்கு என்ன தேவை என்று முதலில் தெரிய வேண்டும். அதைப் பார்த்துவிட்டுப் பணத்துக்கு வருகிறேன்.

நீங்கள் பார்த்த அந்தக் கருப்புத் தண்ணீரோடு ஓடிப்போனது எருவின் சத்துதான். மாடு கழிக்கும் தழைச்சத்தில், அதாவது நைட்ரஜனில், ஏறக்குறைய பாதியோ அதற்குமேலோ கோமியத்தில்தான் இருக்கிறது. ஒரு மாடு நாளுக்கு எட்டு லிட்டர் கோமியம் விடுகிறது என்று குறைவாகவே வைத்துக்கொள்வோம். ஐந்து மாட்டுக்கு 40 லிட்டர். நூற்றுக்கு ஒரு பங்கு தழைச்சத்து என்றால் நாளுக்கு 400 கிராம், ஆண்டுக்கு 146 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். அப்படியானால் 45 கிலோ மூட்டையில் ஏழு மூட்டை யூரியாவுக்கு ஈடான சத்து உங்கள் கட்டுத்தறி மண்ணில் ஊறியும் காற்றில் பறந்தும் போகிறது. உரக்கடையில் வரிசையில் நின்று யூரியா வாங்கும் நாம், அதே சரக்கைக் கிணற்றுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

கிணற்றுக்குப் போனால் அது நைட்ரேட் ஆகிறது. குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது பேராபத்து. காய்ச்சினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். தண்ணீர் வற்ற வற்ற நைட்ரேட்டின் அடர்த்திதான் கூடும். ஏற்கெனவே புளோரைடால் பல்லும் எலும்பும் கெட்டு, அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்ட மாவட்டங்கள் நம்முடையவை. அந்த நிலத்தடி நீரில் இன்னொரு நஞ்சையும் நாமே சேர்க்கலாமா? நமக்குக் கீழே இருப்பது கெட்டிப் பாறை. தண்ணீர் அதன் வெடிப்புகள் வழியாக ஓடுகிறது; மணல் பூமியில் வடிகட்டுவதுபோல் இங்கே வடிகட்டாது. பக்கத்துக் காட்டுக்காரர் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது.

ஆகவே முதல் வேலை குழி வெட்டுவதல்ல, கொட்டகைத் தரையைச் சரிசெய்வது. கல் பாவினாலும் சிமென்ட் போட்டாலும், தலைப்பக்கத்திலிருந்து வால்பக்கத்துக்கு லேசான சரிவு இருக்க வேண்டும். நாற்பது அடிக்கு ஓரடி இறங்கினால் போதும். அதற்குமேல் சரிந்தால் சினைமாடு வழுக்கி விழும். வால்பக்கம் ஒரு சாண் அகல வாய்க்கால், அதன் முடிவில் மீட்டருக்கு மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்தில் சிமென்ட் தொட்டி. கோமியமும் கழுவும் தண்ணீருமாக நாளுக்கு இருநூறு லிட்டர் வந்தால் ஐந்து நாளில் நிறையும். அதை வாளியில் மொண்டு எருக்குழியில் ஊற்றுங்கள், அல்லது பாசன வாய்க்காலில் கலந்துவிடுங்கள். தரை போடப் பணம் இல்லாத வரைக்கும் ராகித் தாள், நிலக்கடலைத் தோல், காய்ந்த இலைதழை எதையாவது மாலையில் மாட்டின் காலடியில் பரப்பிவையுங்கள். அது இரவெல்லாம் கோமியத்தைக் குடிக்கும். காலையில் சாணத்தோடு சேர்த்து அள்ளினால் கனமாக இருக்கும். அந்தக் கனம்தான் உங்கள் உரம்.

அடுத்தது குழி. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தொழு உரத்துக்குச் சொல்லும் அளவு 6 முதல் 7.5 மீட்டர் நீளம், ஒன்றரை முதல் 2 மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம். குழி முழுவதும் பரப்பிக் கொட்டாமல் ஒரு முனையிலிருந்து பகுதி பகுதியாக நிரப்ப வேண்டும். ஒரு பகுதி தரைமட்டத்துக்கு மேல் ஒன்றரை இரண்டு அடி உயர்ந்ததும், மேலே குவிமாடம்போல் வளைத்து, சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிட வேண்டும். பூசிய நான்கைந்து மாதத்தில் எரு தயார். ஒரு பகுதி மட்கும்போது அடுத்த பகுதி நிரம்பும். ஐந்து மாட்டுக்கு நாளுக்கு 75 கிலோ சாணம் வரும் என்பதால் உங்களுக்கு இரண்டு குழிகள் வேண்டும். கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இடம் பாருங்கள். இப்போதிருக்கும் முப்பது அடி போதவே போதாது. குழியைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்கு மண்கரை, மேலே தென்னங்கீற்றோ தகரமோ கூரை. மழைத்தண்ணீர் உள்ளே போகாவிட்டால் கருப்புத் தண்ணீர் வெளியே வராது.

தென்னை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். எருக்குழியைக் கிளறும்போது விரல் பருமனுக்கு வெள்ளையாக, வளைந்து சுருண்ட புழு கிடக்கிறதா என்று பாருங்கள். அதுதான் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டின் குழந்தை. பொறுக்கி அழித்துவிட்டு, மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சைக் கலவையைக் குழியில் தெளியுங்கள். பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால் அளவு சொல்வார்கள்.

இனி பணம்.

உங்களுக்கு முதலில் பொருந்துவது ஊரக வேலை உறுதித் திட்டம். 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நூறு நாள் வேலையில் ஏரி தூர்வாருவது மட்டும்தான் உண்டு என்று பலர் நினைத்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள், பெண்ணைத் தலைவராகக் கொண்ட குடும்பங்கள், சிறு குறு விவசாயிகள் ஆகியோரின் சொந்த நிலத்தில் மாட்டுக் கொட்டகை, உரக்குழி, மண்புழு உரத்தொட்டி கட்டவும் அதில் இடம் இருந்தது. வேலை அட்டை வேண்டும், அந்த வேலையில் குடும்பத்தாரும் உழைக்க வேண்டும் என்பது நிபந்தனை. நீங்கள் குடும்பத் தலைவி, இரண்டரை ஏக்கர்க் குறு விவசாயி. இரண்டு வகையிலும் தகுதி உண்டு. 2025 டிசம்பரில் அந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் நிறைவேறியிருக்கிறது. அதனால் தனிநபர் பணிகளின் இன்றைய பட்டியலை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிராமசபையில் எழுத்தாக மனு கொடுத்து, தீர்மானத்தில் உங்கள் பெயர் ஏறுகிறதா என்று நின்று பார்த்துவிட்டு வாருங்கள். வாயால் சொல்லிவிட்டு வந்தவர்களின் பெயர் பட்டியலில் இருப்பதில்லை.

இரண்டாவது சாண எரிவாயுக் கலன். மத்திய அரசின் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தில், 2021-22 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு, 1 முதல் 25 கன மீட்டர் வரையுள்ள சிறு கலன்களுக்கு அளவைப் பொறுத்து 9,800 ரூபாயிலிருந்து 70,400 ரூபாய் வரை நிதியுதவி வகுத்திருந்தார்கள். தற்போதைய விகிதத்தை மாவட்ட ஊரக வளர்ச்சி முகமையில் விசாரியுங்கள். உங்கள் மாடுகளுக்கு 2 கன மீட்டர் கலன் சரியாக இருக்கும். நாளுக்கு 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் கேட்கும். நான்கைந்து பேர் சமையலுக்குப் போதும். ஒரு கன மீட்டர் சாண எரிவாயு ஏறக்குறைய 430 கிராம் சிலிண்டர் எரிவாயுவுக்குச் சமம். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்கள் மட்டும் மார்கழி, தைக் குளிரில் வாயு குறையும் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. கலன் கட்டினால் சாணம் தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். தீராது. உள்ளே நூறு கிலோ போனால் கிட்டத்தட்ட நூறு கிலோ கரைசல் வெளியே வரும், தினந்தோறும். அதற்கு இடம் விடாமல் கட்டிவிட்டு, கரைசல் வாசலில் ஓடுவதைப் பார்த்துக் கலனையே மூடிய வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு எருக்குழிகளில் ஒன்றைக் கலனின் வெளிவாய்க்குப் பக்கத்தில் வெட்டி, இலைதழையைப் போட்டு அதன்மேல் கரைசலைப் பாய விடுங்கள். தண்ணீருக்குத் தனியாக அலைய வேண்டாம். கொட்டகை கழுவிய கோமியத் தண்ணீரையே சாணம் கரைக்கப் பயன்படுத்தலாம். அதில் பினாயிலும் சோப்பும் கலக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கலந்தால் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்கள் செத்துவிடும்.

மூன்றாவது மண்புழு உரத்தொட்டி. தக்காளி போடுகிறீர்கள் என்பதால் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போகலாம். தேசியத் தோட்டக்கலை இயக்கத்தின் 2014 அளவுகோலில் 30 அடி நீளம், 8 அடி அகலம், இரண்டரை அடி உயரத் தொட்டிக்கு ஒரு லட்சம் ரூபாய் மதிப்பிட்டு அதில் பாதியையும், 12 அடிக்கு 4 அடி பிளாஸ்டிக் படுக்கைக்கு 16,000 ரூபாய் மதிப்பிட்டு அதில் பாதியையும் மானியமாக வைத்தார்கள். பிறகு மதிப்பீடுகள் மாறியிருக்கின்றன, புதிய தொகையைக் கேளுங்கள். தமிழ்நாடு அரசின் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்திலும் மண்புழு உரப்படுக்கை உண்டு. அது வேளாண்மைத் துறையில். என் கருத்தைக் கேட்டால், மண்புழுவை இப்போது தொடாதீர்கள். நிழல், ஈரம், எறும்புக்காவல் என்று தினமும் கவனிப்புக் கேட்கும். ஐந்து மாட்டுப் பால் கறக்கும் ஒருவருக்குக் கொட்டகைத் தரையும் குழியும் முதலில் நிமிரட்டும்.

கால்நடைப் பராமரிப்பு உள்கட்டமைப்பு நிதி என்று ஒன்று இருக்கிறது. கடனுக்கு 3 சதவீத வட்டித் தள்ளுபடி. அது பெரிய பண்ணைகளுக்கும் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கும் ஏற்றது. உங்களுக்கு வேண்டாம். ‘கோபர்தன்’ என்ற பெயரில் ஊருக்கே பொதுக்கலன் கட்டும் வழியும் உண்டு. ஊராட்சி முன்வந்தால்தான் நடக்கும்.

பட்டாதான் உங்களுக்குத் தடையாக நிற்கும். தோட்டக்கலை மானியத்துக்குச் சிட்டா, அடங்கல், சிறு குறு விவசாயிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஒரே பெயரில் கேட்பார்கள். மாமனார் இருக்கிறார் என்றால், இரண்டரை ஏக்கரை அவர் உங்கள் பெயருக்கோ பிள்ளைகள் பெயருக்கோ எழுதித் தர வேண்டும். அவர் இல்லையென்றால், அவருக்கும் உங்கள் கணவருக்கும் வாரிசுச் சான்று பெற்று, பிற வாரிசுகளின் சம்மதத்தோடு பட்டா மாற்றத்துக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். கொழுந்தனார், நாத்தனார் கையெழுத்துக்கு நாளாகும். அதனால் இந்த வேலையை இன்றே தொடங்குங்கள். மானியம் இந்த ஆண்டு கைநழுவினாலும் அடுத்த ஆண்டுக்குப் பட்டா கையில் இருக்கும்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். பணி ஆணை கைக்கு வருமுன் ஒரு செங்கல்லும் வைக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி, மானியம் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் கடன் வாங்கித் தொட்டியைக் கட்டி முடித்துவிட்டு விண்ணப்பித்தார். வேலை தொடங்குமுன் எடுத்த படம் இல்லை என்று விண்ணப்பம் திரும்பிவிட்டது. வட்டி மட்டும் ஓடியது. வெறும் இடத்தில் நீங்கள் நின்று ஒரு படம், பாதி வேலையில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று என்று எடுத்துவைத்து, சிமென்ட், கம்பி வாங்கிய ரசீதுகளையும் ஒரு பையில் போட்டுவையுங்கள். பல திட்டங்களில் செலவு முதலில் உங்களுடையது, மானியம் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும். அதுவரைக்கும் கைமாற்றுக்கு வழி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

ஆணை வரும்வரை மழை காத்திருக்காது. இந்த வாரமே குப்பையை அள்ளித் தாழ்ந்த பக்கத்துக்கு மாற்றுங்கள். பழைய தார்ப்பாய் விரித்து ஓரங்களில் கல் வையுங்கள். பழைய இடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே ஒரு முழக் கரை கட்டுங்கள். மழை நின்று பத்து நாள் கழித்து, கிணற்றுத் தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, தருமபுரியில் உள்ள குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் நைட்ரேட், புளோரைடு இரண்டுக்கும் சேர்த்துச் சோதிக்கக் கொடுங்கள். முடிவு வரும்வரை வீட்டுக் குழந்தைகளுக்குக் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையே கொடுங்கள். சோதனைத் தாளைப் பக்கத்துக் காட்டுக்காரரிடமும் காட்டுங்கள். அவர் குடிப்பதும் அதே ஊற்றுத் தண்ணீர்தான்.