ஆட்டோமேஷன் படிப்பு: லேபைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்

ரோபோக்கள் வந்துவிட்ட பிறகு உங்கள் மகளுக்கு ஸ்மார்ட் மேனுஃபாக்சரிங் படித்து வேலை கிடைக்குமா என்று கவலைப்படுகிறீர்கள். நின்றுபோன ரோபோவை மறுபடி ஓடவைக்க ஆள் வேண்டுமே, தைரியமாகச் சேர்க்கலாம். ஆனால் பாடத்திட்டத்தில் ஏஐ, டிஜிட்டல் ட்வின் (இயந்திரத்தின் கணினி நகல்) என்று இருப்பதை மட்டும் நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். பிஎல்சி (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) லேபை நேரில் பாருங்கள். ஒரு கிட்டுக்கு எத்தனை பேர்? வயரிங்கை மாணவர்களே செய்கிறார்களா, இணைத்து வைத்த பலகையில் புரோகிராம் மட்டும் ஏற்றுகிறார்களா?

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 10 மீட்டர் தொட்டியின் நீர்மட்டத்தை 4 முதல் 20 மில்லிஆம்பியர் மின்னோட்டமாக அனுப்பும் ஒரு டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 12 வந்தால் 5 மீட்டர். தொட்டி காலியாக இருந்தாலும் 4 வரவேண்டும். 0 வந்தால் பெரும்பாலும் வயர் அறுந்திருக்கும். புரோகிராமில் இதைச் சோதிக்காமல் விட்டால் திரையில் "தொட்டி காலி" என்று காட்டும், பம்ப் நிற்காமல் ஓடும், தண்ணீர் வழியும். அந்தத் தகவலை வாங்கும் ஏஐயும் தப்பாகத்தான் கணக்குப் போடும்.

இன்னொன்று: கன்வேயரில் பொருட்களை எண்ணும் சென்சார் 2 மில்லிசெகண்ட் பல்ஸ் தருகிறது, பிஎல்சியின் ஸ்கேன் நேரம் (இன்புட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி பார்க்கும் இடைவெளி) 10 மில்லிசெகண்ட். எண்ணிக்கை குறையும், லாஜிக்கில் எவ்வளவு தேடினாலும் பிழை அகப்படாது. ஹைஸ்பீடு கவுண்ட்டர் இன்புட்டுக்கு வயரை மாற்றவேண்டும். இன்டர்வியூவில் இப்படிப்பட்ட கேள்விகளில்தான் பலர் திணறுகிறார்கள்.

ஆகவே முதலில் 24 வோல்ட் சர்க்யூட், ரிலே, கான்டாக்டர் (இரண்டும் மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சுகள்), வயரிங்கில் மாறுபடும் பிஎன்பி, என்பிஎன் சென்சார்களின் வேறுபாடு. ஸ்டாப் பட்டனை ஏன் நார்மலி குளோஸ்டு ஆக (அழுத்தாதபோது மின்சாரம் ஓடும்படி) இணைக்கிறோம் என்பதும் இதில் அடங்கும்: வயர் அறுந்தாலும் இயந்திரம் நின்றுவிட வேண்டும். அடுத்து லேடர், ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என்ற பிஎல்சி மொழிகள், மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ், இயக்குபவர் பார்க்கும் திரையான எச்எம்ஐ. மோட்பஸ், ஓபிசி யுஏ, எம்க்யூடிடி என்ற தகவல் பரிமாற்ற முறைகளும் பைத்தான், எஸ்க்யூஎல் என்ற கணினி மொழிகளும் அதற்குப் பிறகு வரட்டும். தள்ளிப்போடலாம், விட்டுவிடக் கூடாது. வீட்டில் பழக கோட்சிஸ் என்ற பிஎல்சி புரோகிராமிங் மென்பொருளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். சிமுலேட்டரில் டெர்மினல் ஸ்க்ரூ தளராது என்பதை மட்டும் மறக்கவேண்டாம்.

கமிஷனிங் (புது இயந்திரத்தை ஆலையிலேயே சோதித்து ஓடவைப்பது) வேலை என்றால் வாரக்கணக்கில் வெளியூரில் தங்கவேண்டி வரும், இரவு ஷிஃப்ட்டும் உண்டு. பேனல் டிசைன், புரோகிராமிங் பக்கம் போனால் அலைச்சல் குறைவு. அவளுக்கு எது ஒத்துவரும் என்பதைச் சேருவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.