இன்டர்ன் எடுக்கப் போறீங்களா? வேலை தெரிந்தவரா, சீக்கிரம் கற்பவரா: கேள்வி பதில்

கோவையில் பில்லிங் மென்பொருள் எழுதும் ஒரு சின்ன டீமைப் பார்த்துக்கொள்கிறேன். வருஷத்துக்கு மூன்று நான்கு இன்டர்ன் எடுப்போம். தப்பாக எடுத்ததும் உண்டு, அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, சென்னையில் 5 பேர் கொண்ட ஸ்டார்ட்அப். மே, ஜூன் இரண்டு மாதத்துக்கு ஒரு இடம்தான் இருக்கு. ஒருவருக்கு ரியாக்ட் (வெப் பக்கம் கட்டும் கருவி) நன்றாக வருது. இன்னொருவருக்கு ஜாவா அடிப்படை மட்டும்தான், ஆனா எது சொன்னாலும் டக்கென்று பிடிக்கிறார். யாரை எடுக்க?

இரண்டு மாதம் என்றால் வேலை நாள் 40 சொச்சம். முதல் வாரம் லேப்டாப், லாகின், எந்தக் கோடு (ப்ரோக்ராம் வரிகள்) எங்கே இருக்கு என்பதிலேயே போகும். கடைசி வாரம் காலேஜ் ரிப்போர்ட். மிச்சம் ஆறு வாரம். ரியாக்ட் தெரிந்தவரை எடுங்க. மற்றவர் கற்று முடிக்கிற சமயம் ஊருக்கு பஸ் ஏறிவிடுவார்.

இதையே ஜனவரியில் தொடங்கும் ஆறு மாத இன்டர்ன்ஷிப்புக்குக் கேட்டிருந்தால் இரண்டாமவரைச் சொல்லியிருப்பேன். அப்போதும் ஒரு நிபந்தனை உண்டு. தினம் அரை மணி நேரம் அவரோடு உட்கார உங்கள் ஐந்து பேரில் ஒருவர் இருக்கணும். ஒரு வருஷம் டெலிவரி நெருக்கடியில் அப்படி ஒரு கெட்டிக்காரப் பெண்ணை எடுத்துவிட்டு, உட்கார ஆளில்லாமல் மூன்று வாரம் சும்மா விட்டோம். கற்கிற வேகம் அவளிடம் இருந்தது, கற்றுக்கொடுக்கிற நேரம்தான் எங்களிடம் இல்லை. உங்களிடம் எவ்வளவு நேரம் இருக்கு என்று முதலில் எண்ணிப் பாருங்க, ஆளை அப்புறம் பார்க்கலாம்.

கேள்வி: சீக்கிரம் கற்பவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இன்டர்வியூவில் எல்லாரும் அப்படித்தானே சொல்றாங்க?

பேச்சில் தெரியாது. சுறுசுறுப்பாகப் பேசுகிறவரைக் கற்பவர் என்று நினைத்து நான் பல தடவை ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் இரண்டு நாள், நாளுக்கு ஒரு மணி நேரம், ஒரு சின்ன வேலை கொடுக்கிறேன்.

முதல் நாள் பைத்தான் என்ற ப்ரோக்ராம் மொழியில் ஒரு பில் ப்ரோக்ராம். 2.5ஐ ரவுண்டு செய்தால் 2 வருது, 3.5ஐச் செய்தால் 4 வருது. "கஸ்டமர் சண்டைக்கு வர்றார், என்னன்னு பாருங்க" என்பேன். இணையத்தில் தேடலாம், யாரையும் கேட்கலாம். சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பைத்தான் 3 பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும், அதுதான் விடை. தேடினால் பத்து நிமிஷத்தில் கிடைத்துவிடும், அதனால் அதற்கு நான் மார்க் போடுவதில்லை.

மறுநாள்தான் விஷயம். 2.675ஐ இரண்டு தசமத்துக்கு ரவுண்டு செய்தால் 2.67 வருது. ஏன்? நேற்றைய விதிப்படி 2.68 அல்லவா வரணும், 8தானே இரட்டைப்படை? விடையை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர் "அதே காரணம்தான்" என்பார். புரிந்துகொண்டு போனவர் "இது அது இல்லையே" என்று நின்றுவிடுவார். அப்படி நின்றாலே எனக்குப் போதும். 2.675ஐக் கணினியால் பைனரியில் அப்படியே வைக்க முடியாது, மயிரிழை குறைவாகத்தான் வைத்திருக்கும் என்பதை அன்றைக்கே கண்டுபிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

(இங்கே எழுதிவிட்டேன், இனி வேறு கேள்வி தயார் பண்ணணும்.)

கேள்வி: கோடு போட்டு வைக்கும் தளமான கிட்ஹப்பில் இருக்கும் ப்ராஜெக்ட்டை சாட்ஜிபிடி எழுதியிருந்தால்?

எழுதியிருக்கட்டுமே. அது வருவதற்கு முன்னால் யூடியூப் பார்த்து எல்லாரும் ஒரே வானிலை ஆப்பைக் கொண்டுவந்தார்கள். திரையைக் காட்டச் சொல்லி, "இந்தப் பட்டியலைத் தேதிவாரியாக மாத்துங்க" என்று ஒரே ஒரு மாற்றம் கேளுங்க. எந்த ஃபைலைத் திறக்கணும் என்று தெரிந்தால் கோடு அவருடையது.

கேள்வி: எங்க ஹெச்ஆர் 8 சிஜிபிஏவுக்குக் கீழே வேண்டாம் என்கிறார். ஆப்டிடியூட் டெஸ்ட் மட்டும் வைத்தால் போதுமா?

பொதுவான அறிவுத்திறன் சோதனையை 1998இல் ஷ்மிட்டும் ஹன்டரும் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு உயரத்தில் வைத்தது. வேலைத்திறனோடு அதன் தொடர்பு 0.51 என்றார்கள் (முழுக்கப் பொருந்தினால் 1, தொடர்பே இல்லையென்றால் 0). 2022இல் சாக்கெட்டும் குழுவினரும் கணக்கை மறுபடி போட்டபோது அது 0.31க்கு இறங்கியது. எல்லாரிடமும் ஒரே கேள்விகளை ஒரே அளவுகோலில் கேட்கும் நேர்காணல் 0.42இல் முதலிடத்துக்கு வந்தது. இவை வேலையில் இருப்பவர்களைப் பற்றிய ஆய்வுகள், இன்டர்னுக்கு அப்படியே பொருத்த வேண்டாம். இருந்தாலும், ஆளுக்கொரு கேள்வி கேட்டுவிட்டு "மனசுக்குப் பிடிச்சிருந்தது" என்று எடுப்பதை நான் நிறுத்தியது இதைப் படித்த பிறகுதான். 8 சிஜிபிஏவை உங்க ஹெச்ஆரிடம் நீங்களே பேசிக்குங்க!

கேள்வி: மேடம், கோவை கணபதியில் சிஎன்சி (கம்ப்யூட்டர் ஓட்டும் மெஷின்) பட்டறை வைத்திருக்கேன். டிப்ளமோ பையன்கள் வர்றாங்க. எனக்கும் இதே பதில்தானா?

இல்லைங்க. எங்கள் கோடு தப்பானால், பழைய கோட்டையெல்லாம் சேர்த்து வைக்கும் கிட் என்ற கருவியில் பழையபடி திருப்பிக்கலாம். உங்கள் இடத்தில் டூல் போய், பொருளைப் பிடித்திருக்கும் சக்கில் மோதினால் திருப்ப முடியாது. சில கன்ட்ரோலரில் 10க்குப் பின்னால் தசமப் புள்ளி வைக்காமல் அடித்தால், 10 மில்லிமீட்டரை 10 மைக்ரான் (0.01 மில்லிமீட்டர்) என்றே எடுத்துக்கொள்ளும், உங்களுக்குத் தெரியாததில்லை. எங்கப்பா லேத் வைத்திருந்தவர். புதுப் பையன் வந்தால் மைக்ரோமீட்டரைக் கையில் கொடுத்து 0.01 மில்லிமீட்டர் சுத்தமாகப் படிக்கிறானா என்று பார்ப்பார். முழுக்கைச் சட்டையை மடிக்காமல் மெஷின் பக்கம் போனால் அன்றைக்கே அனுப்பிவிடுவார். டிராயிங் படிக்கவும் அளக்கவும் தெரிந்தவனை எடுங்க. வேகமாகக் கற்பவன் வேகமாகக் கைவைக்கவும் செய்வான்.

கேள்வி: அக்கா, நான் திருநெல்வேலியில் மூன்றாம் வருஷம் ஈசிஇ. பெரிசா எதுவும் தெரியாது. "ஃபாஸ்ட் லேர்னர்" என்று ரெஸ்யூமேயில் போடலாமா?

போடாதே தம்பி. எனக்கு வரும் ரெஸ்யூமேக்களில் அந்த வரி இல்லாததைத் தேடணும். முதல் தடவை எழுதின ப்ரோக்ராமையும், மூன்று மாதம் கழித்து அதையே திருத்தி எழுதினதையும் சேர்த்து அனுப்பு. முதலில் எழுதினது அசிங்கமாக இருக்கே என்று அழித்துவிடாதே, நான் அதைத்தான் முதலில் திறப்பேன்.