கடல் அலையில் மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சிக்கு அரசு பணம் போடுவது வீண்தானே?

"100 வாட்டுக்கு ஒரு ஐஐடியா, அதற்கு எங்கள் வரிப்பணமா" என்று கேட்டிருக்கிறீர்கள். 2022 நவம்பரில் சென்னை ஐஐடிக்காரர்கள் தூத்துக்குடி கடலில் விட்ட, அலையில் மின்சாரம் எடுக்கும் சிந்துஜா மிதவையைத்தான் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கரையிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில், 100 வாட். வீட்டு மிக்சிகூட ஓடாது, உண்மைதான். மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிக்கிறவராக இருப்பீர்கள், எரிச்சல் புரிகிறது. ஆனால் நான் ராதாபுரம் பக்கத்துக்காரன், காத்தாடியில், அதாவது காற்றாலையில், பராமரிப்பு வேலை பார்த்தவன், இந்தக் கேலியை வேறு ரூபத்தில் நிறைய கேட்டாச்சு.

1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் அரசு செலவில் மாதிரிக் காற்றாலைகளை நட்டபோது ஒவ்வொன்றும் 55 கிலோவாட்தான். இன்றைக்குத் தமிழ்நாட்டில் காற்றாலை 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. தனியார் வந்ததெல்லாம் அரசு முதலில் நட்டுக் காட்டிய பிறகுதான்.

இதை வைத்து அலையும் அப்படியே வளரும் என்று நான் சொல்ல வரவில்லை. கடல் வேறு. உவரிப் பக்கம் கரையை ஒட்டி ஒரு பழைய காத்தாடி மெஷின் இருந்தது. பேனல் பெட்டியைத் திறந்தால் டெர்மினல் எல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். போல்ட்டில் ஸ்பேனரை வைத்து அழுத்தினால் தலை ஈர பிஸ்கட் மாதிரி உதிரும். கடலை விட்டுத் தள்ளி இருக்கிற பணகுடிப் பக்கம் அதே கம்பெனி மெஷின் வருஷக்கணக்கில் பிரச்சினை இல்லாமல் ஓடும். "உப்புக்காத்துக்கே இந்தக் கதின்னா உப்புத்தண்ணிக்குள்ள கிடக்கிற மெஷின் என்னாகும்னு யோசில" என்பார் எங்கள் சூப்பர்வைசர் அண்ணாச்சி. அலை மின்சாரத்தின் பாதிப் பிரச்சினை அந்தப் போல்ட்டில் இருக்கிறது. அதைத் தீர்க்கும் வரை லாபம் இல்லாமல் காத்திருக்க எந்த முதலாளிக்கும் பொறுமை கிடையாது. ஸ்காட்லாந்தின் பெலாமிஸ் கம்பெனி 2008-ல் போர்ச்சுகல் கடலில் மூன்று அலை மின்சார மெஷின் விட்டது, சில மாதத்தில் கரைக்கு இழுத்துவிட்டார்கள், 2014-ல் கம்பெனியே மூழ்கியது. அப்புறம் அவர்கள் கற்ற தொழில்நுட்பம் வீணாகக் கூடாது என்று வாங்கி வைத்தது அங்குள்ள அரசு அமைப்புதான்.

நம்மிடமும் அலை மின்நிலையம் ஒன்று இருந்தது. இன்று கேரளாவின் விழிஞ்ஞம் என்றால் எல்லோருக்கும் பெரிய துறைமுகம்தான் தெரியும். அங்கே மீன்பிடித் துறைமுக அலைத்தடுப்பு ஓரமாக, மத்திய அரசுப் பணத்தில் ஐஐடி சென்னை செய்த 150 கிலோவாட் நிலையம் 1991-லேயே ஓடியது. கான்கிரீட் அறைக்குள் அலை ஏறினால் உள்ளே இருக்கிற காற்றை மேலே தள்ளும், இறங்கினால் இழுக்கும், காற்று எந்தப் பக்கம் போனாலும் டர்பைன் ஒரே திசையில் சுற்றும். நல்ல வேலை. பிறகு அதை மூடிவிட்டார்கள். எனக்குக் கோபம் இதில்தான். திறப்பு விழாவுக்குக் கிடைக்கிற பணம் பராமரிப்புக்குக் கிடைப்பதில்லை.

பராமரிப்பு என்றதும் சொல்லியே ஆகணும், எங்களையெல்லாம் காண்ட்ராக்டிலேயே வைத்து, கொஞ்சம் கைதேர்ந்ததும் சம்பளம் கூட்டிக் கேட்டால் வேறு பையனை எடுத்துக்கொள்வார்கள். எங்கள் அப்பாவிடம் பனங்காட்டு விலைக்கு நிலத்தை வாங்கிப்போன புரோக்கர் "ஊருக்கு ரோடு வரும்" என்றார். காத்தாடி வரைக்கும் நல்ல சரள் பாதை வந்தது, ஊருக்குள் வரவில்லை. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், சரி விடுங்கள்.

"கூடங்குளத்தில் 2,000 மெகாவாட் ஓடுது, சோலார் மலிவு, எதுக்கு இது" என்று கமெண்டில் வருவார்கள் என்று தெரியும். அணு உலைச் சண்டைக்கு நான் வரவில்லை. சோலார் மலிவு என்பதை ஒத்துக்கொள்கிறேன். உங்களுக்கு இன்னொரு பாயிண்டும் நானே தருகிறேன்: எங்கள் கடலில் கச்சான் காற்று அடிக்கிற ஆனி ஆடியில்தான் அலை பெரிசு, காத்தாடியும் அப்போதுதான் பிய்த்துக்கொண்டு ஓடும். ஆகவே அலை வந்து காற்றில்லாத மாதங்களை நிரப்பும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கடலுக்குள் நிற்கும் கண்காணிப்புக் கருவி, தீவுகள், கடல்நீரைக் குடிநீராக்குவது, இப்படி கம்பி இழுக்க முடியாத இடங்களுக்குத்தான் முதலில் பயன்படும்.

என்னைக் கேட்டால் ஸ்பெயினில் முத்ரிக்கு என்ற ஊரில் செய்ததைப் பார்க்கச் சொல்வேன். துறைமுகத்துக்கு அலைத்தடுப்பு எப்படியும் கட்ட வேண்டியிருந்தது, அதற்குள்ளேயே 16 அறைகள் வைத்து 296 கிலோவாட் நிலையமாக்கி 2011-ல் ஓடவிட்டார்கள். இங்கே கடல் அரிப்பைத் தடுக்கத் தூண்டில் வளைவு கேட்டுப் போராடாத கடற்கரை ஊர் உண்டா? கல்லைக் கொட்டுகிற வளைவில் அறை வராது, கான்கிரீட் பெட்டி வேண்டும், செலவு கூடும். ஒரே ஒரு ஊரில் அந்தக் கூடுதல் செலவை ஆராய்ச்சிக் கணக்கில் எழுதி, பத்து வருஷப் பராமரிப்புப் பணத்தையும் முதலிலேயே ஒதுக்கட்டும். மின்சாரம் வராவிட்டாலும் வளைவு மிஞ்சும்.

மிதவைதான் விடுவோம் என்றால் எங்கே கட்டப்போகிறார்கள் என்பதைக் கரையில் முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கட்டட்டும். இருட்டில் நங்கூரக் கயிற்றில் வலை மாட்டினால் அந்த நஷ்டத்தை யார் தருவார் என்று கூத்தங்குழி நண்பன் கேட்கிறான், என்னிடம் பதில் இல்லை.