இரவுக் கடியும் அம்பு பேக்கும்

அண்ணாச்சிக்கு வணக்கம். நர்சிங் முடித்து 108 வண்டியில் மருத்துவ உதவியாளராகச் சேர்ந்திருக்கிறேன். அம்பாசமுத்திரம் பக்கம் வேலை. பாம்புக்கடி என்று போனால் கடிவாய்க்கு மேலே கயிற்றை இறுக்கிக் கட்டித்தான் ஏற்றிவிடுகிறார்கள். அவிழ்க்கப் போனால், விஷம் தலைக்கு ஏறிரும் என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். அவிழ்க்கலாமா, கூடாதா?

— ஒரு வாசகர், சேரன்மகாதேவி

தம்பி,

கட்டுக்குக் கீழே நாடி பாருங்கள். காலென்றால் பாதத்தின் மேற்புறம், கையென்றால் மணிக்கட்டு. நாடி கிடைத்தால் தளர்த்திவிடலாம். கிடைக்காவிட்டால் வண்டியில் அதைத் தொட வேண்டாம். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் மொத்தமாக ஏறி பிரஷர் சரியும், மூச்சு தடுமாறும். ஆஸ்பத்திரியில் டாக்டர் முன்னால், ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையான பிரஷர் கஃப் கட்டி, கயிற்றை எடுத்துவிட்டு, கஃபை மெதுவாக இறக்குவார்கள். மெட்டி, கொலுசு, மோதிரத்தை மட்டும் வீங்குவதற்கு முன்பே கழற்றிவிடுங்கள். கயிற்றுக்காகக் கூட வந்த மச்சானோடு வாதாடாதீர்கள். அந்த நேரத்தில் ஆளைப் பார்க்க யாரும் இருக்கமாட்டார்கள்.

நீங்கள் கேட்காத மூச்சுதான் எனக்குப் பெரிய கவலை. பிசான நெல் அறுவடையில் கடிக்கிற கண்ணாடி விரியன் வீக்கமும் ரத்தமுமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். கட்டுவிரியன் அப்படியல்ல, சத்தமில்லாமல் மூச்சை முடக்கும். ராத்திரி தரையில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். கடிவாய் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியக்காலம் வயிற்றுவலி என்றுதான் அழைப்பு வரும். தரையில் படுத்தவருக்குக் காரணமில்லாத வயிற்றுவலி, கூடவே இமை சரிகிறது என்றால் கட்டுவிரியன் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே பார்க்கச் சொன்னால் இமை ஏறுகிறதா, எச்சிலை விழுங்குகிறாரா, படுத்தபடி தலையைத் தூக்க முடிகிறதா என்று பாருங்கள். ஒரே மூச்சில் எண்ணச் சொல்லுங்கள். ஏற்றும்போது 25 வரை எண்ணியவர் சற்றுக் கழித்து 12-ல் நின்றால், மாஸ்க் வைத்துக் கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் பையான அம்பு பேக்கைக் கையில் எடுத்துவிட வேண்டும். விரலில் மாட்டும் மீட்டரை நம்பி உட்காராதீர்கள். ஆக்சிஜன் ஓடும்போது அது 98 காட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே கார்பன் டை ஆக்சைடு ஏறிக்கொண்டிருக்கும்.

பெரியவர்களுக்கு 5 அல்லது 6 வினாடிக்கு ஒரு தடவை, நெஞ்சு எழும் அளவுக்கு மட்டும் அமுக்குங்கள். பதற்றத்தில் வேகம் கூடினால் காற்று வயிற்றுக்குள் போய், வாந்தி வந்து, அது நுரையீரலில் இறங்கும். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தால் மாஸ்க்கை முகத்தோடு அழுத்தாமல், தாடையை மாஸ்க்கை நோக்கித் தூக்குங்கள். ஒற்றைக் கையால் நிற்காது என்றால் இரண்டு கையாலும் நீங்கள் பிடித்துக்கொண்டு, பையை அமுக்கும் வேலையை அந்த மச்சானிடமே கொடுத்துவிடுங்கள். வாயில் எச்சில் நிரம்பினால் அதை உறிஞ்சி எடுக்கும் சக்‌ஷன். ஒரு தடவைக்கு 10 வினாடி போதும்.

கண்பாவை விரிந்து, வெளிச்சத்துக்கு அசையாமல், கைகால் துவண்டு கிடந்தாலும் கட்டுவிரியன் கடியில் அது சாவு என்று அர்த்தமில்லை. பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருக்கலாம். "போயிட்டாவ" என்று யாரையும் அழவிடாதீர்கள்; நீங்களும் கையை நிறுத்தாதீர்கள்.

எங்கே கொண்டுபோவது? கல்லிடைக்குறிச்சியில் ஏற்றியவரை நேரே பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்ட ஆசை வரும். மூச்சு தளர்ந்திருந்தால் முதலில் அம்பை (அம்பாசமுத்திரம்) அரசு ஆஸ்பத்திரிதான். அங்கே விஷமுறிவு மருந்தைத் தொடங்கி, மூச்சுக்குக் குழாய் போட்டு, பிறகு பாளையங்கோட்டைக்கு மாற்றலாம். கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் வழியிலேயே பேசிவிடுங்கள். அந்த மருந்தின் முதல் தவணை வழக்கமாக 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு. ஒவ்வொன்றையும் கரைக்க நேரமாகும் என்பதால் முன்கூட்டியே தகவல் சொன்னால் தயாராக இருப்பார்கள்.

ஒப்படைக்கும்போது படுத்த நேரம், முதல் அறிகுறி தெரிந்த நேரம், மூச்சு எண்ணிக்கை எப்படிக் குறைந்தது, பச்சிலை ஏதும் கொடுத்தார்களா என்பதைச் சொல்லுங்கள். பாம்பை அடித்துப் பையில் கொண்டுவர விடாதீர்கள். செத்த தலையும் கடிக்கும். தூரத்திலிருந்து எடுத்த போட்டோ இருந்தால் போதும். இல்லாவிட்டாலும் வைத்தியம் நிற்காது.