வண்டி கேள்வி பதில்: மீனுக்கும் மானுக்கும் ஒரு பிக்கப்

கேள்வி: நான், மச்சான், எங்கள் வளர்ந்த பிள்ளைகள் இருவர் என நாலு பேரும் கோடையில் பிரெஞ்ச் ஆற்றுக்கும் நிப்பிசிங் ஏரிக்கும் மீன்பிடிக்கப் போவோம். மச்சான் வேட்டைப் பயிற்சி முடித்துவிட்டார். நவம்பரில் மான் வேட்டைக்கும் போக எண்ணம். 16 அடி அலுமினியப் படகு ஒன்றும் வாங்கியாயிற்று. நடுவழியில் கைவிடாத நடுத்தரப் பிக்கப் ஒன்று, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, வேண்டும். கேட்கிற எல்லோரும் ‘ரக்கோமா எடு’ என்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வேறு வழி இருக்கிறதா?
— ஒரு வாசகர், பிராம்ப்டன்

பதில்: ரொயோட்டா ரக்கோமா நல்ல வண்டி. அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒன்ராறியோவில் பழைய பிக்கப் வாங்கும்போது கொம்பனிப் பெயரைவிட வண்டியின் அடிப்பக்கம்தான் முக்கியம். பனிக்காலத்தில் வீதிக்குக் கொட்டும் உப்பு, வண்டியைத் தாங்கும் இரும்புச் சட்டமான சேசியைத்தான் தின்கிறது. எஞ்சின் சத்தமே இல்லாமல் ஓடும். வண்டியைத் தூக்கிப் பார்த்தால் சேசியில் விரல் நுழையும் ஓட்டை இருக்கும். இப்படி வந்த வண்டிகளை எங்கள் கராஜில் பார்த்திருக்கிறேன். கடன்பட்டு வாங்கிய வண்டியைப் பற்றி அந்தக் குடும்பத்துக்கு இதைச் சொல்வது லேசான வேலை அல்ல. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ரக்கோமாவுக்கே இந்தக் கதை உண்டு. 2005 முதல் 2010 வரையான ரக்கோமாக்களின் சேசி கறள் பிடித்து உக்கிப்போனதற்காக அமெரிக்காவில் கூட்டு வழக்கு நடந்து, 2016இல் ரொயோட்டா சமரசத்துக்கு வந்தது. முதல் விற்பனையிலிருந்து 12 ஆண்டுகள் வரை சேசியை மாற்றிக் கொடுப்பதாக ஏற்பாடு. அந்தக் காலம் எல்லா வண்டிக்கும் முடிந்துவிட்டது. ஆகவே 4.0 லீற்றர் எஞ்சின் கொண்ட அந்தப் பழைய ரக்கோமா மலிவாகக் கிடைத்தால், சேசி மாற்றியதற்கான பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அடிப்பக்கத்தைப் பார்க்காமல் ஒரு டொலர்கூட முற்பணம் கொடுக்க வேண்டாம்.

பார்ப்பது எப்படி? பழைய உடுப்பைப் போட்டுக்கொண்டு, ரோச் லைற்றும் சின்னச் சுத்தியலும் எடுத்துப் போங்கள். பின் ஸ்பிரிங் சேசியோடு சேரும் இடம், பின் அச்சுக்கு மேலே வளையும் பகுதி, பிரேக் குழாய்கள் ஓடும் உட்பக்கம், இந்த மூன்றையும் மெதுவாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீரென்று கேட்கும். உக்கினது மந்தமாகக் கேட்கும், செதில் செதிலாக உதிரும். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனம். விற்கிற வாரத்தில் அடித்த பூச்சு எதையோ மறைக்கத்தான். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் எண்ணெய் அடித்து வந்த வண்டி பார்க்க அழுக்காக இருக்கும், தொட்டால் கையில் ஒட்டும். அதுதான் வேண்டியது.

அப்படியே உதிரி ரயரையும் கீழே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் சாமான் ஏற்றும் பெட்டிக்கு அடியில் அதைத் தூக்கி வைத்திருக்கும் சங்கிலி உப்பில் இறுகிப்போவது இங்கே வழமை. பிரெஞ்ச் ஆற்றுப் பக்கம் போகும் நெடுஞ்சாலை 69ஐ விட்டு உள்ளே திரும்பினால் பல இடங்களில் கைபேசி எடுக்காது. மரம் வெட்டுகிறவர்களின் கிரவல் ரோட்டில் ரயர் கிழிந்த பிறகு, உதிரி ரயர் இருந்தும் இறங்கவில்லை என்றால் இரவு அங்கேதான்.

சரி, எந்த வண்டி?

உங்கள் இடத்தில் நான் இருந்தால் 2022க்குப் பிந்திய நிசான் ஃபுரொன்ரியர் நாலு சக்கர இழுவையைத் தேடுவேன். 3.8 லீற்றர் வி6, 310 குதிரைவலு, டர்போ கிடையாது. படகை இழுத்துக்கொண்டு மேடு ஏறும்போது மூச்சு வாங்காது. அதே ஆண்டு ரக்கோமாவைவிடப் பொதுவாக மலிவாகவும் கிடைக்கும். ஒரு விஷயத்தை மட்டும் கட்டாயம் சரிபாருங்கள்: 2023 வரையான வண்டிகளைப் ‘பார்க்’ கியரில் போட்டாலும் பூட்டு விழாமல் உருளக்கூடும் என்று, திருத்திக் கொடுப்பதற்காக நிசான் திருப்பியழைத்தது. படகு இறக்கும் சரிவில், பின்சக்கரம் தண்ணீர் ஓரத்தில் நிற்கும்போது உருண்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வண்டி அடையாள எண்ணைக் கொடுத்தால் நிசான் விற்பனையாளரே அந்தத் திருத்த வேலை முடிந்ததா என்று சொல்வார். முடிந்திருந்தாலும் சரிவில் கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கட்டையும் வையுங்கள்.

2005 முதல் 2010 வரையான பழைய ஃபுரொன்ரியர் வேண்டாம். அவற்றில் ரேடியேற்றருக்குள்ளே வெடிப்பு வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் கியர்பொக்ஸ் எண்ணெயோடு கலந்துவிடும். பிறகு கியர்பொக்ஸே போய்விடும். ரேடியேற்றரை முன்பே மாற்றியவர் விற்றால் மட்டும் யோசிக்கலாம்.

ரக்கோமாதான் என்று மனம் நின்றால் 2016 முதல் 2023 வரையானதில், 3.5 லீற்றர் வி6 உள்ளதைப் பாருங்கள். வலுவெல்லாம் எஞ்சின் வேகமாகச் சுழலும்போதுதான் வரும். ரெயிலரோடு மேடு ஏறினால் கியர் மேலும் கீழுமாக மாறிக்கொண்டே இருக்கும். பழுது அல்ல, அதன் சுபாவம் அது. விற்கும்போது நல்ல விலை போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்த விலையை வாங்கும்போது நீங்களும் கொடுக்கிறீர்கள்.

ஹொண்டா ரிஜ்லைனைப் பலர் ‘பிக்கப்பே இல்லை’ என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2017க்குப் பிந்தியது காரைப்போல மெத்தென்று ஓடும். பெட்டியின் தளத்துக்குக் கீழே பூட்டக்கூடிய அறை ஒன்று இருக்கிறது. அடியில் வடிகால் அடைப்பானும் உண்டு. ஐஸைக் கொட்டி மீனைப் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் கழுவி விடலாம். குறை என்னவென்றால் சேற்றிலும் செங்குத்திலும் மெதுவாக வலுவோடு ஏற உதவும் தாழ் கியர் கிடையாது, தரையிலிருந்து உயரமும் குறைவு. எஞ்சினில் ஓடும் ரைமிங் பெல்ற்றை ஏறத்தாழ 160,000 கிலோமீற்றரில் மாற்றியே ஆக வேண்டும். தார் ரோட்டிலிருந்து நேரே படகுத் துறைக்குப் போகிறவருக்கு இது தாராளம். சேற்றில் மான் முகாமுக்குப் போகிற உங்களுக்குப் போதாது.

ஃபோர்ட் ரேஞ்சரும் செவ்ரோலே கொலராடோவும் இழுவையில் குறைந்தவை அல்ல. பழைய கொலராடோவின் 8 வேக கியர்பொக்ஸ் நடுங்குவது பற்றிய முறைப்பாடு பரவலானது என்பதால், அதை நீண்ட தூரம் ஓட்டிப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

அடுத்தது பாரம். விளம்பரத்தில் வரும் இழுவை எண்ணைப் பார்த்து மயங்க வேண்டாம். உங்கள் படகு, மோட்டார், ரெயிலர் எல்லாம் சேர்த்தே 700 கிலோ அளவில்தான் வரும், மேலே சொன்ன எந்த வண்டியும் இழுக்கும். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு மஞ்சள் வில்லை இருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். அது 500 கிலோ என்று வையுங்கள். நாலு பேர் 300 கிலோ. ரெயிலர் மூக்கு வண்டியின் மேல் அழுத்தும் பாரம், இழுக்கும் மொத்தப் பாரத்தில் 10 முதல் 15 சதவீதம், ஒரு 90 கிலோ. பெட்டிக்கு மேலே ஃபைபர் மூடி போட்டால் இன்னொரு 80. மிச்சம் 30 கிலோ. கூடாரம், ஐஸ் பெட்டி, பெற்றோல் கான், ஒரு மான், இவற்றை எங்கே வைப்பது? ஒரே மாதிரி வண்டியிலும் வசதிகள் கூடக்கூட இந்த எண் குறையும். தோல் இருக்கையும் கண்ணாடிக் கூரையும் உள்ளதைவிடச் சாதாரணமானதே உங்களுக்கு நல்லது. பெட்டி 6 அடி உள்ளதாகக் கிடைத்தால் விடாதீர்கள், மழை நாளில் மூடிக்குள் காலை நீட்டிப் படுக்கலாம்.

கேள்வி: வேட்டைக்குப் போகும் வழியில் உணவகத்தில் நிற்பதென்றால் துப்பாக்கியைப் பிக்கப்பில் விட்டுப் போகலாமா?
— ஒரு வாசகி, மார்க்கம்

பதில்: சாதாரண வேட்டைத் துப்பாக்கி என்றால் போகலாம், ஆனால் விதி உண்டு. தோட்டா ஏற்றியிருக்கக் கூடாது. வண்டியில் பூட்டக்கூடிய பின்னறை இருந்தால் அதற்குள் வைத்துப் பூட்ட வேண்டும். அப்படி அறை இல்லையென்றால் வெளியிலிருந்து தெரியாதபடி வைத்து வண்டியைப் பூட்ட வேண்டும். பின்கண்ணாடியில் தொங்கவிடும் வழக்கத்துக்கு இடமே இல்லை. வேட்டை நிலங்களில் சூரியன் மறைந்து அரை மணி நேரத்திலிருந்து, உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வரை தோட்டா இல்லாமல் உறைக்குள்ளும் இருக்க வேண்டும். நான் பின் இருக்கைக்கு அடியில் போல்ற் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டியைத்தான் சிபாரிசு செய்வேன். சட்டம் கேட்பதற்கும் மேலே என்றாலும் கண்ணாடியை உடைத்து எடுக்கிறவனுக்கு அது வேலை வைக்கும்.

கேள்வி: மாசியில் சிம்கோ ஏரிப் பனியில் மீன்பிடிக்கப் போகிறோம். பிக்கப்பை ஏரிக்குள் ஓட்டலாமா?
— ஒரு மாணவர், ஸ்காபரோ

பதில்: வேண்டாம். நடுத்தரப் பிக்கப்புக்குத் தெளிந்த நீலப் பனி 30 சென்ரிமீற்றருக்கும் மேல் வேண்டும். வெள்ளைப் பனி என்றால் அதைப்போல இரண்டு மடங்கு. நீரோட்டமும் வெடிப்புகளும் உள்ள ஏரியில் இந்தத் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும், கரையில் துளைபோட்டு அளந்தது நடுவில் செல்லாது. வண்டியைக் கரையில் விட்டு, குடில் வாடகைக்கு விடுகிறவர்களின் வாகனத்தில் போங்கள். அவர்கள் நாள்தோறும் பனியை அளக்கிறவர்கள்.