பதினெட்டாயிரம் ரூபாய்க்கு ஒரு கேம்: வாங்குமுன் வந்த கேள்விகள்

கேள்வி: மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் நிற்கிறான். பால்டர்ஸ் கேட் 3 என்ற கேமை வாங்கித் தரும்படி ஒரே கரைச்சல். 18,000 ரூபாய் என்கிறான். சும்மா கிடைக்கிற கேம் எத்தனையோ இருக்க, இதில் அப்படி என்னதான் இருக்கிறது? (கல்லடி)

பதில்: ஐயா, மகன் சொன்ன கணக்கில் பிழையில்லை. பட்டியல் விலை 59.99 டொலர். டொலரை 300 ரூபாயாகப் பிடித்தால் 18,000 வரும். ஆனால் அது ஒரே தடவை கொடுக்கும் காசு. வாளுக்கு, உடுப்புக்கு, சீக்கிரம் முன்னேறுவதற்கு என்று உள்ளே வைத்துக் காசு கேட்கும் கடை இந்தக் கேமில் இல்லை. சும்மா கிடைக்கும் கேம்களில் பல அந்தக் கடையை நம்பித்தான் ஓடுகின்றன.

பெல்ஜியத்தின் லாரியன் நிறுவனம் 2023 ஓகஸ்ட் 3ஆம் திகதி இதை வெளியிட்டது. 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டின் ஐந்தாம் பதிப்பு விதிகள்தான் இதற்கு அடிப்படை. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். ஒருவர் கதை சொல்லுவார், மற்றவர்கள் "நான் இப்படிச் செய்கிறேன்" என்பார்கள், இருபது முகத் தாயக்கட்டை முடிவைச் சொல்லும். இங்கே கதைசொல்லியின் கதிரையில் கம்பியூட்டர் இருக்கிறது.

ஒரு காவற்காரனைத் தாண்ட வேண்டும் என்று வையுங்கள். நயமாகக் கதைக்கலாம், பொய் சொல்லலாம், வெருட்டலாம், பின்பக்கச் சுவரால் ஏறலாம், அடித்து வீழ்த்தலாம். மந்திரம் தெரிந்திருந்தால் பக்கத்தில் நிற்கும் மிருகத்திடம் விசாரிக்கலாம், செத்தவனின் சடலத்தையே பேச வைக்கலாம். கதைத்து வெல்ல 15 தேவை என்று திரை சொல்லுகிறது, உங்கள் ஆளுக்குப் பேச்சில் 5 கூடுதல் என்றால், கட்டையில் 10 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். வாய்ப்பு நூற்றுக்கு 55. 20 விழுந்தால் எப்படியும் வெற்றி, 1 விழுந்தால் எப்படியும் தோல்வி. தோற்றால் கேம் முடியாது, கதை வேறு பக்கம் திரும்பும். பல கேம்களில் மூன்று பதில் காட்டுவார்கள், எதை அழுத்தினாலும் அடுத்த காட்சி ஒன்றுதான். அதில் ஏமாந்தவர்களுக்குத்தான் இதன் அருமை சட்டென்று விளங்கும்.

கதையைக் கெடுக்காமல் ஓர் இடத்தை மட்டும் சொல்கிறோம். முதற்பாகத்தில், காட்டுக்குள் ஒரு தோப்பில் அகதிகள் ஒதுங்கியிருக்கிறார்கள். அவர்களைத் தாக்க ஒரு கூட்டம் வருகிறது. நீங்கள் காக்கலாம், தாக்குகிறவர்களோடும் சேரலாம். சேர்ந்தால் கூட வரவேண்டிய இருவர் உங்களை விட்டுப் போய்விடுவார்கள். எதிர்ப்பக்கத்தின் தளபதி ஒருத்தி உங்கள் அணிக்கு வரலாம். இரண்டாம் பாகத்தில் அந்த அகதிகளைச் சந்திக்க வேண்டிய இடத்தில் ஆளே இருக்காது, அவர்களோடு வரும் வேலைகளும் வராது. இருபது மணித்தியாலத்துக்கு முன் செய்ததன் கணக்கு அப்போதுதான் கைக்கு வரும். ஒரு சுற்றுக்கு 75 முதல் 100 மணித்தியாலம் போகும் என்று தெரிந்தும் ஆட்கள் இரண்டாம் சுற்றுத் தொடங்குவது இதனால்தான்.

இது எல்லாருக்கும் ஆகாது. சண்டை முறைவைத்து நடக்கும்: நீங்கள் ஆடி முடித்தபின் எதிரி ஆடுவான். ஓடிச் சுடும் கேம் விரும்புகிற பிள்ளைக்கு இரண்டாம் நாளே அலுக்கும். தமிழ் வசனம் இல்லை. ஆங்கிலத்தில் வாசிக்க நிறைய இருக்கிறது, சில இடங்களில் ஒரு சொல் விளங்காவிட்டால் பிழையான பதிலை அழுத்திவிடுவார். கதைப் புத்தகம் ஆங்கிலத்தில் வாசிக்கிற பிள்ளை என்றால் துணிந்து வாங்கலாம். ஐரோப்பிய வயதுத் தரம் 18. நிர்வாணக் காட்சிகளை செட்டிங்ஸில் மறைக்க முடியும், இரத்தத்தையும் கொடுமையையும் அப்படி முழுதாக ஒதுக்க முடியாது. மகனுக்குக் கீழே சின்னப் பிள்ளைகள் இருந்தால் ஹோலில் வைத்து விளையாட விட வேண்டாம்.

அவசரமில்லை என்றால், கம்பியூட்டர் கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமின் கோடை அல்லது டிசம்பர் மலிவு விற்பனை வரை பொறுங்கள். இந்தக் கேமுக்கு அடிமட்ட விலை வராது, 20, 25 வீதம் குறையும். 25 என்றால் 4,500 ரூபாய் மிச்சம். டெபிட் கார்டில் வெளிநாட்டு ஒன்லைன் கொடுப்பனவை முதலில் வங்கியில் சொல்லித் திறந்து வையுங்கள். வங்கி தன் விற்பனை விகிதத்தில்தான் டொலரை மாற்றும், ஆகவே கணக்கில் கொஞ்சம் கூடுதலாக இருக்கட்டும்.

கேள்வி: என்னிடம் ஐ5 லெப்டொப், 8 ஜிபி ரேம். "குறைந்தபட்சம் 8 ஜிபி" என்றுதானே போட்டிருக்கிறது? ஓடாவிட்டால் ஸ்டீமில் காசு திரும்பும்தானே? (சம்மாந்துறை)

பதில்: தம்பி, ரேமை மட்டும் பார்த்து வாங்கி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள், டாஸ்க் மனேஜர் திறக்கும். அதன் பெர்ஃபோமன்ஸ் பக்கத்தில் ஜிபியு (திரைப் படத்தை உருவாக்கும் சிப்) என்று ஒன்று மட்டும் இருந்து, அது இன்டெல் யுஎச்டி என்றால் இந்தக் கேமை மறந்துவிடுங்கள். குறைந்தபட்சம் கேட்பது 4 ஜிபி தனி நினைவகமுள்ள ஜிடிஎக்ஸ் 970 அல்லது ஆர்எக்ஸ் 480 என்ற தனி கிராஃபிக்ஸ் கார்ட். வசதியாக ஓட 16 ஜிபி ரேம், 8 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர். அதே பக்கத்தில் டிஸ்க் வேகமான எஸ்எஸ்டியா, பழைய சுழல் வகை எச்டிடியா என்றும் இருக்கும். 150 ஜிபி எஸ்எஸ்டி கேட்கிறது. பழைய சுழல் டிஸ்க்கில் வைப்போருக்கென்று செட்டிங்ஸில் ஒரு மெதுநிலை இருந்தாலும், சுவரும் முகமும் பிந்தி வந்து ஒட்டும்.

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணித்தியாலத்துக்குள் என்றால் காசு திரும்பும். அந்த இரண்டு மணித்தியாலத்தைக் கேம் பிடிக்கிறதா என்று பார்க்கச் செலவழிக்காதீர்கள். ஆளை உருவாக்கவே சிலருக்கு ஒரு மணித்தியாலம் போகும். கண்ணில் பட்ட முகத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய், மெஷின் தாங்குகிறதா என்று மட்டும் பாருங்கள். அதிலும் ஒரு பொறி இருக்கிறது. தொடக்க இடங்கள் லேசானவை. மூன்றாம் பாகத்தில் வரும் நகரம் ஆள் நடமாட்டத்தால் நிறைந்தது, அங்கே பழைய புரொசெசர்கள் திணறும். ஆகவே தொடக்கத்தில் நொடிக்கு 30 பிரேமை (திரையில் மாறும் படத்தை)த் தட்டுத்தடுமாறித் தொடும் லெப்டொப் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கச்சான் வீசும் மாதங்களில் பகல் சூட்டில் சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இரவில் ஓடியது பகலில் ஓடாமல் போகும். லெப்டொப் சூடேறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பின்பக்கம் இரண்டு விரல் உயர்த்தி வைத்து, விசிறித் தூசியைத் துடைத்தாலே வித்தியாசம் தெரியும்.

இந்த ஒரு கேமுக்காக லெப்டொப் மாற்ற வேண்டாம். இதே லாரியனின் டிவினிட்டி ஒரிஜினல் சின் 2, 2017இல் வந்தது. 4 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 550, 60 ஜிபி இடம் போதும். தெரிவுகளின் சுவையில் அதுவும் குறைந்ததில்லை, சண்டை அதைவிட நன்று என்று சொல்வோரும் உண்டு. 2015இல் வந்த விட்சர் 3 ஜிடிஎக்ஸ் 660இல் ஓடும், மலிவு விற்பனையில் 80 வீதத்துக்கு மேல் குறையும். ஆனால் 2022 டிசம்பர் புதுப்பித்தலுக்குப் பிறகு தொடங்கும்போது டைரக்ட்எக்ஸ் 11ஐத் தெரிவு செய்ய வேண்டும், 12இல் பழைய கார்ட் படுத்துவிடும். தனிக் கார்ட் இல்லாத லெப்டொப்புக்கு 2009இன் டிராகன் ஏஜ் ஒரிஜின்ஸ். அது 32 பிட் கேம், நேரம் போகப்போக நினைவகம் நிரம்பி விழும். "4 ஜிபி பட்ச்" என்ற சின்ன மென்பொருளை அதன் மீது ஓட்டிவிட்டால் அந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

கேள்வி: ஃபேஸ்புக்கில் "ஒஃப்லைன் அக்கவுண்ட்" என்று 1,500 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஒரிஜினல்தான் என்கிறார்கள். வாங்கலாமா? (காத்தான்குடி)

பதில்: கேம் ஒரிஜினல்தான், ஆனால் அது உங்களுடையதாகாது. ஒரே கணக்கின் கடவுச்சொல்லைப் பல பேருக்கு விற்று, எல்லாரையும் இணையம் இல்லாமல் விளையாடச் சொல்லுகிறார்கள். ஸ்டீம் விதிப்படி கணக்கை விற்பதே தடை. கேமைத் திருத்தும் புதிய பட்ச் வந்தால் திரும்பக் கணக்குக்குள் போக வேண்டும், அந்த நேரம் விற்றவருக்குப் போகும் கோட்டைக் கேட்கும், விற்றவர் மெசேஜுக்குப் பதில் போடமாட்டார். கணக்கு முடங்கினால் முறையிட உங்கள் பெயரில் ஒரு பற்றுச்சீட்டும் இருக்காது.

மலிவுதான் வேண்டும் என்றால் மேலே சொன்ன பழைய கேம் ஒன்றை மலிவு விற்பனையில் சொந்தமாக வாங்குங்கள். பல நேரம் அதுவும் இந்த விலைக்குக் கிட்டத்தான் வரும்.

கேள்வி: 150 ஜிபியை நம்ம லைனில் எப்படி இறக்குவது? கூட்டாளி ஒருவரிடம் கேம் இருக்கிறது, அவரிடம் கொப்பி பண்ணலாமா? (களுவாஞ்சிகுடி)

பதில்: நீங்களும் வாங்கியிருந்தால் தாராளமாகப் பண்ணலாம், களவு இல்லை. உண்மையான 20 எம்பிபிஎஸ் வேகத்தில் 150 ஜிபிக்கு ஏறக்குறைய 17 மணித்தியாலம். உங்கள் பக்கேஜில் நள்ளிரவு முதல் காலை 7 வரை தனி டேட்டா இருந்தால் ஒரு இரவில் 60 ஜிபி சொச்சம், மூன்று இரவு வேண்டும்.

கொப்பி பண்ணும் முறை இது. கூட்டாளியின் ஸ்டீம் ஃபோல்டரில் ஸ்டீம்அப்ஸ், அதற்குள் கொமன், அதற்குள் கேமின் ஃபோல்டர் இருக்கும். அதை முழுதாக வெளி டிஸ்க்கில் எடுங்கள். டிஸ்க் ஃபட்32 ஆக இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது, பாதி வழியில் நின்றுவிடும். முன்கூட்டியே எக்ஸ்ஃபட் அல்லது என்டிஎஃப்எஸ் ஆக ஃபோமட் பண்ணுங்கள். உங்கள் ஸ்டீமை மூடிவிட்டு அதே இடத்தில் வையுங்கள். பிறகு ஸ்டீமைத் திறந்து இன்ஸ்டோல் அழுத்தினால், இருக்கும் ஃபைல்களைக் கண்டு சரிபார்த்து, குறைவதை மட்டும் இறக்கும். இருவரும் ஒரே ரவுட்டரில் இருந்தால் டிஸ்க்கும் வேண்டாம். 2023இலிருந்து ஸ்டீமே உள் வலையமைப்பால் ஒரு மெஷினிலிருந்து மற்றதற்கு மாற்றித் தருகிறது. வைஃபையை விட கேபிள் பல மடங்கு வேகம்.

இணையம் மோசமான ஊருக்கு எங்கள் தெரிவு ஜிஓஜி என்ற இணையக் கடை. அதில் வாங்கினால் இன்ஸ்டோலரை ஒருமுறை இறக்கி டிஸ்க்கில் வைத்துக்கொள்ளலாம், பிறகு எந்தக் கணக்கும் கேட்காது. இறக்கி விளையாடிய பிறகும் 30 நாள்வரை காசு திரும்பக் கேட்க முடியும்.

பட்ச் வரும்போது பெரிய ஃபைல்கள் பிரித்து மறுபடி எழுதப்படும், அதற்குக் கேமின் அளவுக்குக் கிட்ட வெற்றிடம் கேட்கும். 256 ஜிபி எஸ்எஸ்டியில் விண்டோஸோடு இதை வைத்தவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். இடம் இல்லாவிட்டால் அழித்துவிட்டு முழுதாகத் திரும்ப இறக்க வேண்டியதுதான்.

கேள்வி: கல்முனைப் பக்கம் ஒரு கடையில் "2 டிபி எஸ்எஸ்டி" மிக மலிவாக வாங்கினேன். கொப்பி முடிந்தது, ஆனால் கேம் திறக்கவில்லை. கடைக்காரர் "கேமில்தான் பிழை" என்கிறார். (நிந்தவூர்)

பதில்: கேமில் பிழை இருக்க வாய்ப்புக் குறைவு. உள்ளே சின்ன மெமரி கார்ட் ஒன்றை வைத்து, 2 டிபி என்று பொய் சொல்லும்படி அமைத்த டிஸ்க்குகள் சந்தையில் உலவுகின்றன. உண்மையான இடம் முடிந்ததும் மேலே மேலே எழுதும், ஃபைல் பெயர் இருக்கும், உள்ளடக்கம் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளை வெறுமையான டிஸ்க்கில் ஓட்டுங்கள். முழுவதும் எழுதித் திரும்ப வாசித்து, உண்மையான அளவைக் காட்டும். பெரிய டிஸ்க்குக்கு ஒரு நாள்கூட எடுக்கும், பொறுமை வேண்டும்.

அந்த முடிவைப் படமெடுத்து, பற்றுச்சீட்டோடு கடைக்குப் போங்கள். மாற்றித் தராவிட்டால் நுகர்வோர் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பற்றுச்சீட்டில் வெறுமனே "ஹாட் டிஸ்க் 1" என்று எழுதியிருந்தால் வழக்கு பலவீனம். வாங்கும்போதே கொம்பனிப் பெயர், அளவு, தொடர் இலக்கம், வொரண்டிக் காலம் நான்கையும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டால் பற்றுச்சீட்டு தருவது கடைக்காரரின் கடமை.

கேள்வி: எங்களிடம் பிஎஸ்4 இருக்கிறது. டிஸ்க் எங்கே வாங்கலாம்? (அக்கரைப்பற்று)

பதில்: பிஎஸ்4க்கு இந்தக் கேம் வரவில்லை. யாராவது தந்தால் வாங்காதீர்கள். பிஎஸ்5க்கு டிஸ்க்காக வந்தது டீலக்ஸ் பதிப்பு, பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கும். பாவித்ததை வாங்கும்போது இரண்டையும் எண்ணிப் பாருங்கள். பிளேஸ்டேஷன் கடையின் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லாததால் நம்மவர்கள் வேறு நாட்டுக் கணக்கில்தான் இருக்கிறார்கள். கிஃப்ட் கார்ட் வாங்கினால் அது அந்தக் கணக்கின் நாட்டுக்கே உரியதாக இருக்க வேண்டும். அமெரிக்கக் கார்ட் இந்தியக் கணக்கில் ஏறாது, கோடைத் திறந்துவிட்டால் கடையும் திருப்பி எடுக்காது.

கேள்வி: ஃபோனில் "பால்டர்ஸ் கேட் 3 மொபைல்" என்று வருகிறதே, தங்கச்சி இறக்கட்டுமா? (வாழைச்சேனை)

பதில்: வேண்டாம், அது பொய். ஃபோனுக்கு உள்ளது 1998இல் வந்த முதலாவது பால்டர்ஸ் கேட் கேமின் புதுப்பித்த பதிப்பும் இரண்டாவது கேமும். அவை நல்ல கேம்கள். மூன்றாவதை விளையாட அவற்றை முடித்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

கேள்வி: மாரி தொடங்கிவிட்டால் கரண்ட் வந்து வந்து போகும். சேவ் அழியுமா? (திருக்கோவில்)

பதில்: எழுதிக்கொண்டிருக்கும் நொடியில் போனால் அந்த ஒரு சேவ் கெடலாம், முந்தியவை தப்பும். எஃப்5 அழுத்தினால் உடனே சேவாகும். எஃப்8 கடைசிச் சேவைத் திறக்கும். தாயக்கட்டை பிழைத்த ஒவ்வொரு தடவையும் எஃப்8 தட்டுகிறவர்கள் 18,000 ரூபாய் கேமில் பாதியைப் பார்க்காமலே விடுகிறார்கள், அது வேறு கதை. மேசைக் கம்பியூட்டர் என்றால் 650 விஏ யுபிஎஸ் ஒன்று வையுங்கள், சேவ் செய்து அணைக்கும் நேரத்துக்குக் காணும். 2023 நவம்பரில் சேர்த்த ஹானர் மோட் என்ற கடினமான ஆட்ட முறையில் மட்டும் கவனம். அதில் ஒரேயொரு சேவ்தான், பின்னால் போய் எடுக்க வேறு இல்லை. யுபிஎஸ் இல்லாதவர்கள் அந்த மோடை மாரி முடிந்து தைக்குப் பிறகு தொடங்குங்கள்.