வீட்டில வாழ்த்து கார்ட் செய்யிறது: கேட்டதுகளும் என்ர பதிலும்

நான் செய்த பொங்கல் கார்ட் ரெண்டைப் படமெடுத்துப் போட்டதுதான் தாமதம், ஆளாளுக்குக் கேள்வி. தனித்தனியா எழுத ஏலாது, எல்லாத்துக்கும் இதிலயே சொல்லுறன்.

மல்லாவியில இருந்து ஒரு தங்கச்சி: அக்கா, பிறிஸ்டல் போட்டை மடிச்சா மடிப்பு வெடிச்சு வெள்ளையாத் தெரியுது. கடைக் கார்ட் மாதிரி வரேல்ல.

அது உங்கட கைப் பிழையில்லையம்மா. மட்டைக்கும் ஒரு நார் ஓட்டம் இருக்கு, ஓலைக்கு இருக்கிற மாதிரித்தான். வெட்ட முதல் மட்டையை நீளப்பாட்டுக்கும் அகலப்பாட்டுக்கும் லேசா வளைச்சுப் பாருங்கோ, எந்தப் பக்கம் லேசா வளையுதோ அந்தப் பக்கமாத்தான் மடிப்பு வரவேணும். பிறகு அடிமட்டத்தை வைச்சு மை முடிஞ்ச பேனையால ஒருக்கா அழுத்திக் கீறிப்போட்டு மடியுங்கோ. கீறின பள்ளம் வெளிப்பக்கமா வரவேணும், கனபேர் மறுவளமா மடிச்சுப்போட்டு மட்டையைக் குறை சொல்லுகினம். ஃபோட்டோக் கொப்பி அடிக்கிற 80 ஜிஎஸ்எம் (தாளின்ர பாரத்தைச் சொல்லுற அளவு, கூடினா தடிப்பு) தாள் கார்ட்டுக்குச் சரிவராது, நிக்காமல் விழும். 200க்கு மேல கேட்டு வாங்குங்கோ.

புதுக்குடியிருப்பில இருந்து ஒரு அண்ணை: செவ்வரத்தம்பூ ஒட்டினன், கறுத்து அழுகிப்போச்சு பிள்ளை.

கறுக்கும்தானே அண்ணை, அது முழுக்கத் தண்ணி. கடதாசிப்பூ எடுங்கோ, நாங்கள் இதழ் எண்டு நினைக்கிறது உண்மையில இலைதான், அதில ஈரம் குறைவு, நிறமும் நிண்டுபிடிக்கும். வேப்பங்கொழுந்தும் நல்லம். நியூஸ் பேப்பருக்கு நடுவில விரிச்சு வைச்சு மேல பாரம் ஏத்தி ரெண்டு கிழமை விடுங்கோ, முதல் நாலைஞ்சு நாள் பேப்பரைக் கட்டாயம் மாத்தவேணும். அதைவிட முக்கியமான விசயம், எங்கட பக்கம் நத்தாரும் பொங்கலும் வாறது மாரி மழையோட, அந்த நேரம் பூவும் காயாது பசையும் காயாது. அதால பூவெல்லாம் ஆவணி புரட்டாதிக்குள்ள காயவைச்சு டப்பாவில போட்டிடவேணும். நான் ஒரு வருசம் மார்கழியில அவசரப்பட்டு இருபது கார்ட் செய்து ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கி வைச்சன், விடிய எடுத்துப் பாத்தா எல்லாம் ஒரே கட்டி. அண்டைக்கு அம்மா சிரிச்ச சிரிப்பு இப்பவும் காதுக்குள்ள கேக்குது.

மாங்குளத்தில இருந்து: பைண்டர் கம் பூசினா கார்ட் வளையுது.

கம்மில இருக்கிற தண்ணியைக் குடிச்சு மட்டை ஒரு பக்கம் மட்டும் ஊதுறதாலதான். மெல்லிசாப் பூசுங்கோ, பூசின உடன புத்தகத்துக்குள்ள வைச்சுப் பாரம் ஏத்துங்கோ. சோத்துப் பசை வேண்டாம், கரப்பான் பொங்கல் கொண்டாடும்.

ஒட்டுசுட்டானில இருந்து ஒரு ரீச்சர்: திறந்த உடன பொங்கல் பானை எழும்பி நிக்கிற கார்ட் பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுக்க வேணும். பானை வெளியால நீட்டிக்கொண்டு நிக்குது.

ரீச்சர், இது கணக்குத்தான். A4 தாளில பாதியை எடுத்து ரெண்டா மடிச்சா ஒரு பக்கம் 10.5 சென்ரிமீற்றர் வரும். மடிப்பில இருந்து 3 சென்ரிமீற்றர் நீளத்துக்கு ரெண்டு வெட்டு வெட்டி, நடுத் துண்டை உள்ளுக்குத் தள்ளினா ஒரு படி மாதிரி வரும், அந்தப் படியின்ர முன்பக்கத்திலதான் பானையை ஒட்டுறது. படி 3 எண்டா பானையின்ர உயரம் 7க்கு மேல போகக்கூடாது, ரெண்டையும் கூட்டினா 10.5க்குள்ள நிக்கவேணும். பிள்ளையளுக்குக் கூட்டல் கணக்கும் பழகினமாதிரி. மஞ்சளைக் கரைச்சு நிறம் பூச விடுங்கோ, அதில சுண்ணாம்புத் தண்ணி தொட்டா சிவப்பாகும், பிள்ளையள் துள்ளுவினம். ஆனா வெயிலில மஞ்சள் கெதியா வெளிறும், சுவரில மாட்டுற கார்ட்டுக்கு வேண்டாம். பழைய காலத்துத் தாள் மாதிரி வேணுமெண்டா தேத்தண்ணிச் சாயத்தில தோய்ச்சு எடுங்கோ.

நெடுங்கேணியில இருந்து ஒரு தம்பி: பனை ஓலையில கார்ட் செய்யலாமோ?

ஓம் தம்பி, எனக்குப் பிடிச்சதே அதுதான். குருத்தோலையை அவிச்சு நிழலில காயவைச்சு, மேல பாரம் ஏத்தி நேராக்குங்கோ. கம் பிடிக்காது, ஊசி நூலால மட்டையில தையுங்கோ. பேனையால எழுதாமல் ஊசியால லேசாக் கீறிப்போட்டு, விளக்குக் கரியை எண்ணெயில குழைச்சுத் தடவித் துணியால துடைச்சா, கீறின இடத்தில மட்டும் கறுப்பு நிக்கும். ஏட்டுக்கு எழுத்தாணி பிடிச்ச ஆக்கள் செய்த வேலைதான் இது. முதலில நாலு ஓலை கிழியும், பரவாயில்லை.

கனகராயன்குளத்தில இருந்து ஒரு அம்மம்மாவுக்காகப் பேத்தி: அவுஸ்திரேலியாவில இருக்கிற மாமாவுக்கு நெல்லுமணி ஒட்டின கார்ட் அனுப்பலாமோ?

வேண்டாமடா. அங்க விதை, காய்ஞ்ச இலை எல்லாத்திலயும் சரியான கட்டுப்பாடு, பிடிச்சா கார்ட் போய்ச்சேராது. அம்மம்மாவை நெற்கதிரைக் கீறச் சொல்லு, கை நடுங்கினாலும் பரவாயில்லை, கீழ அவவின்ர கையெழுத்தில பேரையும் போடச் சொல்லு.